ஒரு மாறிச் சமன்பாடுகள்: எந்த வரிசையில் தீர்ப்பது, எங்கே பிசகுகிறது

3ப = 12 என்று கொடுத்தால் ப = 9 என்று எழுதுகிறவர்களும் உண்டு, ப = −4 என்று எழுதுகிறவர்களும் உண்டு. இரண்டு தவறுக்கும் வேர் ஒன்றுதான்: "அந்தப் பக்கம் போனால் குறி மாறும்" என்று மனப்பாடம் செய்த விதி. முதலாமவர் 3ஐ அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கழித்துவிட்டார். இரண்டாமவர் சரியாக வகுத்தார், ஆனால் விதிக்குப் பயந்து குறியையும் மாற்றிவிட்டார்.

கீழே உள்ளவை மாறியின், அதாவது மதிப்புத் தெரியாத எண்ணைக் குறிக்கும் எழுத்தின், அடுக்கு 1 ஆக (வர்க்கம், கனம் எதுவும் இல்லாமல்) இருக்கும் சமன்பாடுகளுக்கும், சுருக்கினால் அப்படி ஆகிவிடுபவற்றுக்கும் பொருந்தும். மாறியை இங்கே 'ப' என்று குறிக்கிறோம். பாடப்புத்தகத்தில் எக்ஸ், ஒய் என்று இருக்கும். எழுத்து மாறுவதால் கணக்கு மாறாது.

1. தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

சமன்பாட்டில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை சமன்பாட்டுப் பிழைகளே அல்ல. குறிகளிலும் பின்னங்களிலும் வரும் பிழைகள். ஆகவே முதலில் இந்த ஐந்தையும் தாளில் போட்டுப் பாருங்கள்.

−7 + 3
−3 − 5
(−4) × (−6)
−2(ப − 5) என்பதன் விரிவு
3ப + 4 என்பதை இன்னும் சுருக்க முடியுமா?

விடைகள்: −4, −8, 24, −2ப + 10, முடியாது.

இரண்டாவதற்கு 8 என்று வந்திருந்தால், "மைனஸும் மைனஸும் பிளஸ்" என்பதைக் கூட்டல் கழித்தலிலும் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள். அது பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் உரிய விதி. −3 − 5 என்பதில் ஏற்கெனவே 3 கடன், மேலும் 5 கடன். மொத்தம் 8 கடன்.

கடைசிக் கேள்விக்கு 7ப என்று எழுதுபவர்கள் ஏராளம். 'ப' இருக்கும் இடத்தில் 2 போட்டால் 3ப + 4 என்பது 10, 7ப என்பது 14. இரண்டும் ஒன்றல்ல என்பது உடனே தெரியும். 1 போட்டுச் சோதிக்காதீர்கள். 1 போட்டால் இரண்டுமே 7 ஆகி, தவறு சரிபோல் தோன்றிவிடும். 0, 1 இரண்டும் சோதனைக்கு ஆகாத எண்கள்.

இந்த ஐந்தில் இரண்டு தவறினால், சமன்பாட்டை ஒருநாள் தள்ளிப்போட்டு முழுக்களின் கணக்கை மட்டும் போட்டுப் பழகுவது நல்லது.

2. ஒரு வரிக்கு ஒரு சமக்குறி

பலர் இப்படி எழுதுகிறார்கள்:

2ப + 6 = 14 = 2ப = 8 = ப = 4

இதை உள்ளபடி படித்தால் 14ம் 8ம் 4ம் சமம் என்று ஆகிறது. சமக்குறியை "அடுத்து" என்ற பொருளில் போட்டதால் வந்த வினை. இப்படி எழுதினால் எது இடப்பக்கம், எது வலப்பக்கம் என்பதே மூன்றாவது அடியில் குழம்பிவிடும்.

ஒவ்வொரு அடியையும் புதிய வரியில் எழுதுங்கள். சமக்குறிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கட்டும்.

2ப + 6 = 14
2ப = 8
ப = 4

இது அழகுக்காகச் சொல்வதல்ல. விடை தவறினால் எந்த வரியில் தவறியது என்று கண்டுபிடிக்க இது ஒன்றே வழி. தேர்வில் படிநிலைகளுக்கு மதிப்பெண் கிடைப்பதும் இதனால்தான்.

3. உள்ளே நடப்பது என்ன

சமன்பாட்டின் இரு பக்கமும் ஒரே செயலைச் செய்தால் சமநிலை கெடாது. தீர்ப்பது முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது. ப + 5 = 12 என்பதில் இரு பக்கமும் 5ஐக் கழிக்கிறோம்; இடப்பக்கம் ப மட்டும் மிஞ்சுகிறது, வலப்பக்கம் 12 − 5. பார்ப்பவருக்கு +5 குறி மாறி அந்தப் பக்கம் போனதுபோல் தெரிகிறது. இடமாற்றம் என்பது இந்தத் தோற்றத்தின் சுருக்கெழுத்து, அவ்வளவே.

தொடக்கத்தில் தராசுப் படம் போட்டு விளக்குவது வழக்கம். முதல் சில கணக்குகளுக்கு அது போதும். −3ப வந்ததும் தராசில் என்ன வைப்பது என்று தெரியாமல் அது கைவிட்டுவிடும். அதனால் படத்தைவிட "இரு பக்கமும் ஒரே செயல்" என்ற வாக்கியத்தையே பிடித்துக்கொள்வது மேல்.

எந்தச் செயலைச் செய்வது? 'ப'வோடு ஒட்டியிருப்பது என்ன செய்கிறதோ, அதன் எதிர்ச்செயல். கூட்டலுக்குக் கழித்தல், பெருக்கலுக்கு வகுத்தல். 3ப என்பதில் 3 பெருக்கிக்கொண்டிருக்கிறது. எனவே 3ஆல் வகுக்க வேண்டும், +3ஆல். குறி மாறுவதற்கு அங்கே வேலையே இல்லை.

அடுத்த கேள்வி வரிசை. 3ப + 5 = 20 என்பதில் 'ப'வுக்கு முதலில் நடந்தது 3ஆல் பெருக்கல், பிறகு நடந்தது 5ஐக் கூட்டல். கடைசியாக நடந்ததை முதலில் நீக்குங்கள்.

3ப = 15
ப = 5

முதலிலேயே 3ஆல் வகுத்தால் தவறா? தவறில்லை; ஆனால் ப + 5/3 = 20/3 என்று பின்னம் வந்து நிற்கும். பழகாதவர்கள் 5ஐ வகுக்க மறந்து ப + 5 = 20/3 என்று எழுதுவதும் இங்கேதான். வகுத்தால் அந்தப் பக்கத்தின் ஒவ்வொரு உறுப்பையும், அதாவது கூட்டல் கழித்தல் குறிகளால் பிரிந்து நிற்கும் ஒவ்வொரு துண்டையும், வகுக்க வேண்டும்.

3(ப + 5) = 21 என்பது வேறு. இங்கே கூட்டல் முதலில், பெருக்கல் கடைசியில். அதனால் 3ஆல் வகுத்து ப + 5 = 7, ப = 2 என்று முடிக்கலாம். 21ஐ 3 மீதியின்றி வகுப்பதால் இது குறுக்குவழி. வகுபடாவிட்டால் அடைப்பை விரிப்பதே சிரமமில்லாதது.

இந்த வகையில் இரண்டு இடங்கள் அடிக்கடி காலை வாரும்.

20 − 3ப = 5. இங்கே 20ஐக் கழித்ததும் 3ப = −15 என்று எழுதிவிடுகிறார்கள். 3பவுக்கு முன்னால் இருக்கும் கழித்தல்குறி அந்த உறுப்போடு சேர்ந்தது. 20 போனதும் அது போகாது. சரியான வரி −3ப = −15, விடை ப = 5.

−ப = 7. இதோடு நிறுத்திவிடுவதும் ஒரு பிழை. நமக்கு வேண்டியது ப, −ப அல்ல. இரு பக்கமும் −1ஆல் பெருக்கினால் ப = −7.

4. முழு வரிசை

நீளமான சமன்பாட்டைக் கண்டால் இந்த வரிசையில் போங்கள்.

முதலில் பின்னங்களை நீக்குங்கள். பிறகு அடைப்புக்குறிகளை விரியுங்கள். பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் ஒத்த உறுப்புகளை, அதாவது மாறி உள்ளவற்றைத் தனியாகவும் வெறும் எண்களைத் தனியாகவும், சேருங்கள். அதன்பின் மாறி உள்ள உறுப்புகளை ஒரு பக்கமும் வெறும் எண்களை மறுபக்கமும் கொண்டுவாருங்கள். கடைசியில் கெழுவால், அதாவது மாறியைப் பெருக்கி நிற்கும் எண்ணால், வகுங்கள். வந்த விடையை முதல் வரியில் போட்டுச் சரிபாருங்கள்.

பின்னம் ஏன் முதலில்? அதை வைத்துக்கொண்டே அடைப்பை விரித்தால் ஒவ்வொரு அடியிலும் பகுதிகளை (பின்னக்கோட்டின் கீழே உள்ள எண்களை) சமமாக்க வேண்டிவரும். ஒரே பெருக்கலில் போகக்கூடியதை ஐந்து வரிக்கு இழுத்துச் செல்வானேன்?

பக்கத்துக்குள் சேர்த்த பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. 5ப + 3 − 2ப + 4 = 19 என்பதை 3ப + 7 = 19 ஆக்கிவிட்டால் ஒரே உறுப்பைத்தான் நகர்த்த வேண்டும். நகர்த்தும் உறுப்பு குறையக் குறைய, குறி தவறும் வாய்ப்பும் குறையும். ஒத்த உறுப்புகளைச் சேர்ப்பது பக்கத்துக்குள் நடப்பது. அங்கே குறி மாறாது. இதையும் இடமாற்றத்தையும் ஒரே வரியில் செய்பவர்கள்தான் −2பவை +2ப ஆக்கிவிடுகிறார்கள்.

5. பின்னங்கள் வந்தால்

இதை மெதுவாகப் பார்க்க வேண்டும். ஒரு கணக்கு:

(2ப − 1)/3 − (ப − 4)/2 = 3

பகுதிகள் 3, 2. மீச்சிறு பொது மடங்கு 6. இரு பக்கத்திலும் உள்ள ஒவ்வொரு உறுப்பையும் 6ஆல் பெருக்குகிறோம்.

2(2ப − 1) − 3(ப − 4) = 18
4ப − 2 − 3ப + 12 = 18
ப + 10 = 18
ப = 8

சரிபார்ப்பு: 15/3 − 4/2 = 5 − 2 = 3. பொருந்துகிறது.

இந்த நான்கு வரிக்குள் இரண்டு குழிகள் இருக்கின்றன.

முதல் குழி வலப்பக்கத்து 3. அது பின்னமாக இல்லாததால் அதை 6ஆல் பெருக்காமல் விட்டுவிடுகிறார்கள். அப்போது ப + 10 = 3, ப = −7 என்று வரும். முதல் வரியில் போட்டால் −5 + 5.5 = 0.5, 3 வரவில்லை. பெருக்குவது பின்னத்தை அல்ல, பக்கத்தை. பின்னமல்லாத உறுப்பும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

இரண்டாவது குழி ஆழமானது. பின்னக்கோடு என்பது கண்ணுக்குத் தெரியாத அடைப்புக்குறி. (ப − 4)/2 என்று தாளில் மேலும் கீழுமாக எழுதும்போது அடைப்பு தேவைப்படாது. பகுதி போனதும் அடைப்பு இல்லாமல் ப − 4 தனியே நிற்கும். அப்போது − 3ப − 12 என்று எழுதிவிடுகிறார்கள். விடை ப = 32 என்று வரும். போட்டுப் பார்த்தால் 21 − 14 = 7; தவறு. இதற்கு மருந்து ஒன்றே: 6ஆல் பெருக்கும் முன்பே, ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பு உள்ள ஒவ்வொரு தொகுதியையும் அடைப்புக்குள் போட்டுவிடுங்கள். பெருக்குவதையும் அடைப்பை விரிப்பதையும் இரண்டு தனி வரிகளாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வரியை மிச்சம் பிடிப்பதில் இழப்பதுதான் அதிகம்.

குறுக்குப் பெருக்கல், அதாவது ஒரு பக்கத்துப் பின்னத்தின் மேலுள்ளதை மறுபக்கத்துப் பின்னத்தின் கீழுள்ளதால் பெருக்குவது, பற்றி ஒரு வார்த்தை. ஒரு பக்கம் ஒரே பின்னம், மறுபக்கமும் ஒரே பின்னம் என்று இருந்தால் மட்டுமே அது செல்லும். ப/2 + ப/3 = 10 என்பதில் இடப்பக்கம் இரண்டு பின்னங்கள்; அங்கே குறுக்கே பெருக்க எதுவும் இல்லை. 6ஆல் பெருக்கினால் 3ப + 2ப = 60, ப = 12.

(2/3)ப = 10 போலக் கெழுவே பின்னமாக இருந்தால் அதன் தலைகீழியான 3/2ஆல் இரு பக்கமும் பெருக்குங்கள்: ப = 15. 

தசமங்களுக்கும் இதே உத்திதான். 0.3ப + 1.25 = 2 என்பதில் அதிகத் தசம இடங்கள் உள்ளது 1.25; எனவே எல்லாவற்றையும் 100ஆல் பெருக்கி 30ப + 125 = 200, ப = 2.5. 0.3ஐ மட்டும் 10ஆல் பெருக்கி 3 ஆக்கி, 1.25ஐ 100ஆல் பெருக்கி 125 ஆக்குவது வழக்கமான பிழை. ஒரு சமன்பாட்டுக்கு ஒரே பெருக்கெண்.

6. இரு பக்கமும் மாறி இருந்தால்

2ப + 9 = 5ப − 6

பலரும் பழக்கத்தினால் மாறியை இடப்பக்கமே கொண்டுவருவார்கள். −3ப = −15 என்று வரும்; தவறில்லை. ஆனால் கெழு சிறியதாக உள்ளதை நகர்த்தினால் குறை எண்ணே வராது:

9 + 6 = 5ப − 2ப
15 = 3ப
ப = 5

15 = 3ப என்பதும் 3ப = 15 என்பதும் ஒன்றே. பக்கங்களை அப்படியே இடம் மாற்றும்போது எந்தக் குறியும் மாறாது. இதைச் சொல்லாவிட்டால் −3ப = −15 என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அதுவும் சமமான சமன்பாடுதான் என்பதால் விடை சரியாகவே வந்துவிடும்; ஆனால் என்ன செய்தோம் என்று தெரியாமல் செய்தது.

இன்னொன்று: மாறியால் வகுக்காதீர்கள். 5ப = 3ப என்பதை 'ப'வால் வகுத்தால் 5 = 3 என்று அபத்தமாக முடியும். 3பவைக் கழித்தால் 2ப = 0, ப = 0. விடை 0 ஆக இருக்கக்கூடும் என்பதால், மதிப்புத் தெரியாத ஒன்றால் வகுப்பது 0ஆல் வகுப்பதாகிவிடலாம்.

7. மாறி மறைந்துவிட்டால்

2(ப + 3) = 2ப + 5 என்பதை விரித்தால் 2ப + 6 = 2ப + 5, பிறகு 6 = 5. எந்த எண்ணைப் போட்டாலும் இது உண்மையாகாது. தீர்வு இல்லை என்று எழுத வேண்டும்.

3(ப − 2) = 3ப − 6 என்பது −6 = −6 என்று முடியும். எந்த எண்ணைப் போட்டாலும் உண்மை. இது முற்றொருமை, தீர்வுகள் எண்ணற்றவை.

இந்த இரண்டையும் 4ப = 0 என்பதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அதில் மாறி மறையவில்லை. அதற்குத் தீர்வு உண்டு, அது 0.

8. மாறி பகுதியில் இருந்தால்

இங்கே கணக்கைத் தொடும் முன்பே ஒரு வேலை இருக்கிறது: எந்த எண் பகுதியை 0 ஆக்கும் என்று ஓரத்தில் எழுதிவையுங்கள்.

ப/(ப − 3) = 2 + 3/(ப − 3)

ஓரக்குறிப்பு: ப ≠ 3. இப்போது (ப − 3)ஆல் பெருக்குவோம்.

ப = 2(ப − 3) + 3
ப = 2ப − 3
ப = 3

ஓரத்தில் விலக்கிவைத்த அதே எண். ஒவ்வொரு வரியும் சரி, ஆனாலும் இது தீர்வு அல்ல. இந்தச் சமன்பாட்டுக்குத் தீர்வே இல்லை. ப = 3 ஆகும்போது ப − 3 என்பது 0. 0ஆல் பெருக்கினால் எந்தச் சமன்பாடும் உண்மையாகிவிடும், அதனால்தான் இந்தப் போலித் தீர்வு உள்ளே நுழைந்தது. முதலில் குறித்துவைக்காதவர்கள் இதை விடை என்று கட்டம்கட்டி வைத்துவிடுவார்கள்.

9. சரிபார்ப்பது எப்படி

கொடுக்கப்பட்ட முதல் வரியில்தான் போட வேண்டும். மூன்றாவது வரியில் போட்டுப் பார்த்துத் திருப்திப்படுவது வீண். பிழை இரண்டாவது வரியில் இருந்தால் மூன்றாவது வரி அந்தப் பிழைக்கு ஒத்துத்தான் போகும்.

இடப்பக்கத்தைத் தனியாகவும் வலப்பக்கத்தைத் தனியாகவும் கணக்கிடுங்கள். குறை எண்ணைப் போடும்போது அடைப்புக்குள் போடுங்கள்: ப = −2 என்றால் 5 − 3(−2), அதாவது 11. அடைப்பில்லாமல் 5 − 3 − 2 என்று எழுதினால் 0 ஆகிவிடும்.

விடை பின்னமாக வந்ததும் "தப்பாக இருக்கும்" என்று அடித்துவிடுவது இன்னொரு கெட்ட பழக்கம். ப = 7/4 ஒரு நல்ல விடைதான். பொருந்துகிறதா என்பதே கேள்வி, முழு எண்ணா என்பதல்ல.

10. சொற்கணக்கைச் சமன்பாடாக்குவது

சமன்பாட்டைத் தீர்க்கத் தெரிந்தவர்களும் இங்கே நின்றுவிடுகிறார்கள். முதல் வரியாக 'ப' எதைக் குறிக்கிறது என்று முழுச் சொற்றொடரில் எழுதுங்கள்: "மகளின் தற்போதைய வயது = ப". வெறுமனே "வயது = ப" என்றால், யாருடைய வயது, எப்போது என்பது இரண்டு வரி தாண்டியதும் மறந்துபோகும்.

சொற்களின் வரிசையைக் கவனியுங்கள். "ஓர் எண்ணை 3ஆல் பெருக்கி 4ஐக் கூட்ட" என்றால் 3ப + 4. "ஓர் எண்ணுடன் 4ஐக் கூட்டி 3ஆல் பெருக்க" என்றால் 3(ப + 4). தமிழில் செயல்கள் நடக்கும் வரிசையிலேயே வினைகள் வருவதால், இடமிருந்து வலமாக ஒவ்வொரு வினையாக எழுதிக்கொண்டு போகலாம். "5இலிருந்து ஓர் எண்ணைக் கழிக்க" என்பதில் மட்டும் உஷார். அது 5 − ப, ப − 5 அல்ல.

"மாலாவிடம் ராணியைப் போல் மூன்று மடங்கு பணம் இருக்கிறது" என்பதை 3 × மாலா = ராணி என்று எழுதுபவர்கள் நிறைய. எழுதும் முன் யாரிடம் அதிகம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாலாவிடம்தான். ஆகவே குறைவாக உள்ள ராணியின் பணத்தைத்தான் பெருக்க வேண்டும்: மாலா = 3 × ராணி.

வயதுக் கணக்கு: தாயின் வயது மகளின் வயதைப் போல் 3 மடங்கு. 12 ஆண்டுகள் கழித்து 2 மடங்காகும். மகளுக்கு இப்போது ப, தாய்க்கு 3ப. 12 ஆண்டுகள் இருவருக்கும் கூடும்:

3ப + 12 = 2(ப + 12)
3ப + 12 = 2ப + 24
ப = 12

வலப்பக்கத்தில் 12ஐ விட்டு 2ப என்றோ, அடைப்பை விட்டு 2ப + 12 என்றோ எழுதுவது வழக்கமான சறுக்கல்.

மொத்தம் தெரிந்த கணக்கு: ஒரு பேருந்தில் 40 பயணிகள். சிலர் 10 ரூபாய் டிக்கெட், மற்றவர்கள் 15 ரூபாய் டிக்கெட். வசூல் 475 ரூபாய். 10 ரூபாய் டிக்கெட் எடுத்தவர்கள் ப என்றால் மற்றவர்கள் 40 − ப.

10ப + 15(40 − ப) = 475
600 − 5ப = 475
−5ப = −125
ப = 25

25 பேர், 15 பேர்; 250 + 225 = 475. இரண்டாவது கூட்டத்துக்கு இன்னொரு எழுத்தைக் கொண்டுவராமல் "மொத்தம் − ப" என்று எழுதுவதுதான் இதில் கற்க வேண்டியது.

தள்ளுபடிக் கணக்கு: 20% தள்ளுபடி போக ஒரு புடவை 960 ரூபாய். பழைய விலை என்ன? 960இல் 20% கண்டு கூட்டி 1152 என்று சொல்பவர்கள் கடைத்தெருவிலும் உண்டு. தள்ளுபடி பழைய விலையின்மேல் கணக்கிட்டது, புதிய விலையின்மேல் அல்ல. பழைய விலை ப என்றால் ப − 0.2ப = 960, அதாவது 0.8ப = 960, ப = 1200. இதில் 20% என்பது 240, கழித்தால் 960.

சொற்கணக்கில் சரிபார்ப்பைச் சமன்பாட்டில் செய்யாமல் கணக்கின் வாசகத்திலேயே செய்யுங்கள். சமன்பாட்டையே தவறாக அமைத்திருந்தால் விடை அந்தத் தவறான சமன்பாட்டுக்குப் பொருந்தத்தான் செய்யும். மகளுக்கு 12, தாய்க்கு 36. 12 ஆண்டுகளில் 24, 48. இரு மடங்கு, சரி. பயணிகளின் எண்ணிக்கை 12.5 என்று வந்தால் திரும்பப் போய்ச் சமன்பாட்டைப் பாருங்கள். கேள்வியையும் ஒருமுறை மறுபடி படியுங்கள்: கேட்டது தாயின் வயதாக இருந்தால் ப = 12 என்று நிறுத்தக் கூடாது, 36 என்று எழுத வேண்டும்.